பழைய பைக்குக்கு வீட்டிலேயே பெயின்ட்: எதுவரை நீங்களே செய்யலாம், எங்கே நிறுத்தணும்?

அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100, தாத்தா காலத்து புல்லட், வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்ப்ளெண்டர்... இப்படி ஏதாவது ஒன்று பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இன்ஜின் உதைத்தால் ஓடும். ஆனால், டேங்கில் பெயின்ட் வெளுத்து, மட்கார்டு ஓரத்தில் துரு எட்டிப் பார்க்கும். எடைக்குப் போடவும் மனசு வராது. அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் படும். இரண்டு ஸ்ப்ரே கேன், பத்து நிமிஷம், கடைசியில் கண்ணாடி மாதிரி மின்னும் டேங்க். ‘இதை நாமளே பண்ணிடலாமே!’

பண்ணலாம். ஆனால், அந்த வீடியோவில் வேகமாக ஓட்டிக் காட்டுகிற பகுதியில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. காட்டாமலே விடுகிற பகுதியில்தான் ஆபத்து இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். கழற்றுவது, துரு எடுப்பது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். ஸ்டாண்டு, செயின் கவர் மாதிரி கறுப்பு பாகங்களை முழுசாகவே நீங்கள் முடித்துவிடலாம். டேங்குக்கும் அதே கலரில் வர வேண்டிய சைடு பேனலுக்கும் கடைசிக் கலரையும் கிளியர் கோட்டையும் ஒழுங்கான பெயின்டிங் ஷாப்பில் அடிப்பதுதான் சரி. காசு மிச்சம் பிடிப்பதைவிட நுரையீரல் பெரிசு என்பதுதான் காரணம். அதை விரிவாகப் பார்ப்பதற்கு முன்னால், வேறொரு காகித வேலை இருக்கிறது.

கலர் கார்டுக்கு முன் ஆர்சி புக்

வண்டியின் கலரும் ஆர்சியில் பதிவாகும் ஒரு விவரம். சிவப்பு என்று பதிவாகி இருக்கும் வண்டி நீல நிறத்தில் ரோட்டில் போனால், நிறுத்திக் கேட்கும் போலீஸ்காரருக்கு அது திருட்டு வண்டியாகக்கூடத் தோன்றலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. அனுமதி வாங்காமல் மாற்றம் செய்திருந்தால், 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு அதில் இருக்கிறது. அடித்துவிட்டு ஓடுவதைவிட, அடிப்பதற்கு முன்னாலேயே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வண்டி மீது கடன் இன்னும் இருந்தால் கடன் கொடுத்தவரிடமும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய கலரையே திரும்ப அடித்தால் இந்த அலைச்சல் எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால், பழைய வண்டிக்கு அதுதான் அழகும்கூட.

புல்லட் ரசிகர்களுக்குத் தனியாக ஒன்று. மிலிட்டரி பச்சை, அதாவது ஆலிவ் கிரீன், அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதி அந்தக் கலரை ராணுவ வாகனங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ‘பழைய மிலிட்டரி வண்டி லுக்’ ஆசை இருந்தால் இங்கேயே கைவிட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சேஸிஸ் நம்பர். ஹேண்டில்பார் பக்கத்தில், பிரேமின் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். வேகத்தில் அதன் மீதும் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துவிட்டாலோ, பட்டியும் பெயின்டும் அடைத்து எழுத்து தெரியாமல் போனாலோ சிக்கல்தான். தனியார் பைக்கின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு புதுப்பிக்கும்போது அதிகாரி பார்க்கிற முதல் விஷயங்களில் அந்த நம்பரும் ஒன்று. 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகள் எல்லாம் அந்த வரிசையில் ஏற்கெனவே நிற்பவை. ஆகவே, வேலையைத் தொடங்கும்போதே அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

காலி டேங்க்தான் பயப்பட வேண்டியது

கழற்றும்போது ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் தனித்தனி கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். கழற்றுவதற்கு முன்பு எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். இதில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. டேங்குக்கு வருவோம்.

பெட்ரோலை வடித்துவிட்டால் டேங்க் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நிஜம் நேர்மாறானது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரியும். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமே இருக்காது. வடித்துவிட்டு மூடி வைத்த டேங்கில்தான் ஆவியும் காற்றும் கச்சிதமாகக் கலந்து காத்திருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தால், நாலு வண்டி தள்ளி இருக்கும் மீட்டர் போர்டு வரை அது போய்ச் சேரலாம். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் ஊதுபத்திகூட இருக்கக் கூடாது.

பெட்ரோல் டேப்பைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் பல முறை அலசுங்கள். டேங்கில் ஊசி ஓட்டை இருந்து, பற்றவைக்க வேண்டியிருந்தால் அது வீட்டு வேலை இல்லை. டேங்க் வேலையில் பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், ‘பெட்ரோல் டேங்க்ணே’ என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

உள்ளே துரு இருந்தால் வெளியே பெயின்ட் அடித்துப் பயன் இல்லை. இன்று பங்குகளில் போடும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய இரும்பு டேங்குக்கு ஈரம் ஆகாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே தத்துவம்தான் இங்கேயும். வினிகரை ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊற விட்டால் மேலோட்டமான துரு கரையும். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீர் விட்டு, உடனே காய வைக்க வேண்டும். ‘உடனே’ என்பது முக்கியம். துரு போன இரும்பு, ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை உள்ளே சுழற்றி விடுங்கள். வண்டியில் மாட்டுவதற்கு முன் அதைப் பெட்ரோலால் அலசிக்கொள்ளலாம்.

உப்புத்தாளில்தான் பாதி ஆயுசு

பழைய பெயின்ட் முழுவதையும் உரித்து வெள்ளை இரும்பைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவசியம் இல்லை. கம்பெனியில் அடித்து, சூட்டில் காய வைத்த பெயின்ட் எங்கெல்லாம் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதோ, அதைவிட நல்ல அடித்தளம் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. அங்கே 320 அல்லது 400 நம்பர் தாளில் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும். உப்பி, உரிந்து, துரு பிடித்த இடங்களை மட்டும் 80 அல்லது 120 நம்பரில் இரும்பு தெரியும் வரை எடுத்து, ஓரங்கள் படிக்கட்டு மாதிரி நிற்காமல் சரிவாக இறங்கும்படி தேய்க்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மேடு, பளபளப்பான கலர் ஏறியதும் நன்றாகத் தெரியும்.

அதற்கு முன் ஒரு சோதனை. துணியில் தின்னரை நனைத்து, மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் ஒட்டி வந்தால், அதன் மேல் யாரோ எப்போதோ என்.சி. பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நைட்ரோ செல்லுலோஸ் என்பதன் சுருக்கம்தான் என்.சி. ‘டூகோ பெயின்ட்’ என்று பழைய ஆட்கள் சொல்கிறார்களே, அது டூபான்ட் கம்பெனி 1920-களில் அமெரிக்காவில் இறக்கிய இந்த வகைப் பெயின்டின் பிராண்டு பெயர். அதுவரை ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆனது, அதை நாள் கணக்குக்குக் குறைத்தது இதுதான். அந்தப் பெயர் ஊர் ஊராகத் தங்கிவிட்டது. என்.சி. வேகமாகக் காயும். ஆனால், தின்னர் பட்டால் மறுபடி கரையும். அதன் மேல் வலுவான புதுப் பெயின்டை அடித்தால், அடியில் இருப்பது சுருங்கிப் பொங்கி அப்பளம் மாதிரி ஆகிவிடும். துணியில் கலர் வந்தால் முழுசாக உரித்துவிடுவதுதான் வழி.

தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்யுங்கள். வழவழப்பாக வரும் என்பது ஒரு காரணம். தூசி பறக்காது என்பது பெரிய காரணம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வீட்டுச் சுவர், அலங்காரப் பெயின்டுகளுக்கு. உங்கள் 90-களின் டேங்குக்கு அது பொருந்தாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை ஹாலில் உட்கார்ந்து தேய்க்காதீர்கள். வழிந்த சேற்றைச் செடித் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பட்டி மட்டும் விதிவிலக்கு. ஹார்ட்னர் கலந்து பூசும் பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். உள்ளே போன ஈரம் மாதக்கணக்கில் காத்திருந்து, மேலே கொப்புளமாக வரும். அதைக் காய்ந்த நிலையில், மாஸ்க் போட்டு, 180, 240 என்று ஏறிக்கொண்டே தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டியை ஏற்றாதீர்கள். அவ்வளவு பள்ளம் என்றால் முதலில் டிங்கரிங் பண்ண வேண்டும். பட்டியால் பள்ளத்தை நிரப்பிய டேங்க், ஒரு கோடைகாலம் தாண்டியதும் அந்த இடத்தை வட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இரும்பு தெரிந்த இடத்தை ராத்திரி முழுக்க அப்படியே விடக் கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பு போதும், பிரைமருக்கு அடியில் விரல் ரேகை வடிவத்தில் துரு வரும். துடைத்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடு, கிரில் கதவுக்கு நல்லது. டேங்குக்கு எபாக்சிதான் என் ஓட்டு. எபாக்சியும் இரண்டு டப்பாக்களைக் கலக்கும் வகைதான் என்பதால், கையுறையும் ரசாயன ஆவிக்கான மாஸ்க்கும் திறந்த வெளியும் அவசியம். ஸ்ப்ரே கன் இல்லாவிட்டால் தூரிகையால் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்யலாம்.

சைடு பேனல் பிளாஸ்டிக் என்றால் தின்னர் விட்டுத் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக்கே இளகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். மேலே பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் வேண்டும்.

பஞ்சாங்கம் பார்த்துத்தான் ஸ்ப்ரே

பெயின்ட் காயும்போது அதிலிருக்கும் தின்னர் ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், குளிர்ந்த பரப்பில் அது படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். கறுப்பு அடித்த இடம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையிலும் வேண்டாம். அக்னி நட்சத்திர மதியத்திலோ பெயின்ட் துளி பரப்பைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை, காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், கடற்காற்று கிளம்புவதற்கு முன் அடிப்பது வசதி.

மொட்டை மாடியில் அடித்தால் காற்றோட்டம் கிடைக்கும். அதே காற்று பெயின்டைப் பக்கத்து வீட்டு வடகத்தின் மேலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்று பக்கம் பழைய வேட்டியோ பிளாஸ்டிக் ஷீட்டோ கட்டுங்கள். தண்ணீர் தொட்டியின் மூடியைச் சரிபாருங்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது.

கறுப்பு பாகங்களுக்குச் சாதாரண ஸ்ப்ரே கேனே போதும். உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போய்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் மூடவே கூடாது. கோலமாவு தூவிய மாதிரி இருந்தால் சரி. 10, 15 நிமிஷம் விட்டு அடுத்தது. பொறுமை இல்லாமல் ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும். வழிந்தால் ஈரத்தோடு துடைக்கப் போகாதீர்கள். அப்படியே காய விட்டு, மறுநாள் 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். இந்தச் சாதாரண கேனுக்கும் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். என்95 தூசிக்குத்தான், தின்னர் ஆவி அதற்குள் தாராளமாகப் புகும்.

கிளியர் கோட்டில் ஏன் நிறுத்தச் சொல்கிறோம்?

இப்போது டேங்க். ஸ்ப்ரே கேனில் வரும் சாதாரண பெயின்டும் கிளியரும் 1கே வகை. உள்ளிருக்கும் தின்னர் ஆவியாவதால் மட்டுமே அது காய்கிறது. அப்படிக் காய்ந்தது, பொருத்தமான திரவம் பட்டால் மறுபடி இளகும். பெட்ரோலும் அப்படிப்பட்ட திரவம்தான். பங்கில் ‘ஃபுல் பண்ணுங்கண்ணே’ என்று சொல்லி, மூடி ஓரத்தில் நாலு சொட்டு வழிந்தால், ஒரு மாத உழைப்பு அங்கேயே கொழகொழவென்று ஆகிவிடும். வீட்டில் அடித்த டேங்குகள் பெரும்பாலும் மூடியைச் சுற்றித்தான் முதலில் கெடும்.

இதற்குத் தீர்வு 2கே கிளியர். பெயின்டர்கள் பி.யு. என்று சொல்வதும் இந்த வகைதான். இரண்டு டப்பா வரும், கிளியரும் ஹார்ட்னரும். கலந்ததும் ரசாயன மாற்றம் நடந்து, மூலக்கூறுகள் வலை மாதிரி பின்னிக்கொள்ளும். முழுசாக இறுகிய பிறகு நாலு சொட்டு பெட்ரோல் அதை ஒன்றும் செய்யாது.

அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுவதும் முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் ரசாயனங்களில் ஒன்று. அதன் குணம் மோசமானது. சிலருக்கு உடல் அதைப் ‘பழகிக்கொண்டால்’, அதன் பிறகு மிக மிகக் குறைந்த அளவு பட்டாலே மூச்சுத் திணறல் வரும். அந்த நிலை பெரும்பாலும் திரும்பாது. யாருக்கு, எத்தனையாவது முறையில் அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், வாசனை. தின்னர் நெடி மூக்கைத் துளைக்கும். ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. அதனால் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தீர்ந்துபோனாலும் உங்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் மாஸ்க்கைத்தான் இந்த வேலைக்குப் பரிந்துரைக்கிறார்கள். அது உங்கள் வீட்டில் இருக்குமா?

கேன் அடியில் பட்டனை அழுத்தி ஹார்ட்னரை உள்ளே உடைத்துவிடும் 2கே ஸ்ப்ரே கேன்களும் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. பார்க்கச் சாதாரண கேன் மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது அதே ரசாயனம். பால்கனியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பொருள் இல்லை அது.

அப்படியென்றால் கடையில் அடிக்கிறவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா? நியாயமான கேள்வி. ரோட்டோரத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க இதையே அடிக்கிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். உங்கள் ஆபத்தை அவர் தலையில் ஏற்றி வைப்பது தீர்வு ஆகாது. அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது கலர் சாம்பிளைப் பார்ப்பதற்கு முன், ‘பி.யு. அடிக்கும்போது என்ன மாஸ்க் போடுறீங்க, பூத் இருக்கா?’ என்று கேளுங்கள். மூடிய பூத், காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், முறையான மாஸ்க் இருக்கிற கடை கொஞ்சம் அதிகமாகக் கேட்டாலும் கொடுக்கலாம். அந்த இடத்தில் தூசி இருக்காது, உங்கள் டேங்கும் சுத்தமாக வரும்.

கலரையும் அங்கேயே அடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேஸ் கோட் அடித்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும். பெரும்பாலான பெயின்டுகளில் அது ஒரு நாளுக்குள். வீட்டில் கலரை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்று காத்திருந்தால் பிடிமானம் போய்விடும். டேங்க், சைடு பேனல் இரண்டையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து அடித்தால்தான் கலரும் ஒத்துப்போகும். பிரைமர் அடித்து 600 நம்பரில் தேய்த்து, கை படாமல் துணியில் சுற்றிக் கொடுத்தால், கடைக்காரருக்கு மிச்சம் இருப்பது ஒரு நாள் வேலை. கூலி பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம். ஆனால், சிலர் அடுத்தவர் செய்த பட்டிக்கு மேல் அடிக்க மாட்டார்கள். நாளைக்கு உப்பினால் பழி அவர்கள் மேல் வரும் என்ற பயம். அதனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் பேசி, அவர் எந்த பிரைமரைச் சொல்கிறாரோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம்.

ஸ்டிக்கரையும் அப்போதே கையோடு கொடுத்துவிடுங்கள், கலருக்கும் கிளியருக்கும் நடுவில் ஒட்டினால் ஓரம் பெயராது. பழைய மாடல்களின் ஸ்டிக்கர் செட், சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடினால் கிடைக்கும். கழற்றும் முன் எடுத்த போட்டோவில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்று பார்த்து அளவு குறித்துக் கொடுங்கள். புல்லட் டேங்கின் தங்கக்கோடு ஸ்டிக்கரில் சரியாக வராது. சென்னைத் தொழிற்சாலையிலேயே அதைத் தூரிகை பிடித்துக் கையால்தான் இழுத்தார்கள். கோடு இழுக்கத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள்.

டேங்க் கைக்கு வந்ததும் தொட்டால் ஒட்டாது. அதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போடாதீர்கள். அதுவரை டேங்க் கவரையும் மாட்டாதீர்கள்.